மாவு ஊதும் கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டில் கோகிலா ஆசைப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் பந்து. அதன் வாயில் செருகிய வளைந்த குழாய். பந்தை அமுக்கினால் குழாய் வழியே மஞ்சள் மாவு புஸ்ஸென்று பறக்கும். மலாக்காவில், ஜாசினுக்கு அப்பால் இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அப்படி ஒரு பந்தை வைத்திருந்த பெண்கள் எட்டுப் பேர். அவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். கோகிலா முதுகில் மருந்து டின்னைச் சுமந்துகொண்டு குனிந்து நடந்தாள்.

மாவு என்றால் மகரந்தம். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வருகின்றன, ஆனால் ஒரே நேரத்தில் வருவதில்லை. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காற்றே போதும் என்று புத்தகத்தில் எழுதியிருந்ததாம். காற்று போதவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள், அங்கே அதன் பூவுக்குள் புகுந்து வேலை செய்தது எந்தப் பூச்சி என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. அந்த வேலைக்குத் தமிழ்ப் பெண்களை இறக்கிவிட்டார்கள். ஆண் பூவை உதறி, மாவைக் காயவைத்து, சலித்து, முகத்துக்குப் போடும் பவுடரோடு கலந்து பந்தில் அடைத்துக்கொள்ள வேண்டும். மரம் மரமாகப் போய், முள் மட்டைகளை ஒரு கோலால் விலக்கி, பெண் பூவின்மேல் ஊத வேண்டும். பெண் பூ வெளிர் மஞ்சளாக விரிந்து மூன்று நாள் இருக்கும். அதற்குள் மாவு விழுந்தால் குலை கட்டும். நாலாம் நாள் கறுத்துவிடும். பிறகு எவ்வளவு ஊதினாலும் வீண். முள் குத்தும்தான், ஆனாலும் சோம்பு வாசம் அடிக்கும் சுத்தமான வேலை.

கோகிலாவுக்கு அந்த வேலை கிடைக்காததற்குக் காரணம், அவள் கழுத்தில் தாலி இல்லை.

பந்துகள் வந்திறங்கிய நாளில் கங்காணி கலியாணசுந்தரம் அவற்றை ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். விடியற்காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"இது மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிற வேல. ஆண் பூவு, பெண் பூவு, புரியுதா? கல்யாண வீட்டுல தாலி அறுத்தவ முன்னால வந்து நிப்பாளா? சுமங்கலிங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க. மத்தவங்க மருந்தடிக்கப் போங்க."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோகிலாவும் பேசவில்லை. அன்றைக்கு அது அவளுக்கே நியாயமாகப் பட்டது. அதுதான் இதில் வெட்கக்கேடு.

மருந்தடிப்பது என்றால், வரிசைகளுக்கு நடுவே முளைக்கும் லாலாங் புல்லின்மேல் ஆர்செனிக் கலந்த தண்ணீரைத் தெளிப்பது. டின்னின் மூடி வழியாக அது முதுகில் ஒழுகும். குழாயின் பிடி வழியாகக் கையில் வடியும். நாலு மாதத்தில் கோகிலாவின் உள்ளங்கையில் சோள மணிபோலச் சின்னச் சின்னக் கட்டிகள் எழும்பின. விரலிடுக்கு வெடித்தது. சோறு பிசையும்போது உப்பு பட்டால் கண்ணில் நீர் வரும். தோட்ட ஆபீஸ் சுவரில் மூன்று மொழிகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மருந்தடித்த இடத்தில் மாடு மேய்க்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. முந்தின வருஷம், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்த்த மாடுகள் நாலு செத்துப் போனதற்குப் பிறகு ஒட்டியது. பெண்களைப் பற்றி ஓர் அறிவிப்பும் இல்லை. பெண்கள் இன்னும் சாகவில்லை.

கோகிலா எப்படித் தாலியை இழந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் மருந்தடித்துக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் காடு, நாலு வருஷத்துக்கு முன்பு உண்மையாகவே காடாக இருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் அதை அழித்தார்கள். அவள் புருஷன் மருதமுத்து மரம் வெட்டும் கும்பலில் இருந்தான். சரிவில் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாகச் சாய்க்கமாட்டார்கள். கீழேயிருந்து மேல்வரை எல்லா மரத்தையும் பாதி பாதி வெட்டி நிறுத்திக்கொண்டே போவார்கள். கடைசியில் உச்சியில் நிற்கும் பெரிய மரம் ஒன்றைச் சாய்த்தால், அது விழுந்து அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, சரிவு முழுக்க ஒரே மூச்சில் படுத்துவிடும். கூலி மிச்சம், நாள் மிச்சம். ஒரு சாயங்காலம் பாதி வெட்டிய முந்நூறு மரங்களை அப்படியே நிறுத்திவிட்டுக் கும்பல் இறங்கி வந்துகொண்டிருந்தபோது காற்று அடித்தது. உச்சி மரம் தானாகவே சாய்ந்தது.

மருதமுத்துவோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். பாதி வெட்டிய மரத்தை நிறுத்திவைக்கச் சொன்னது யார் என்று எவரும் கேட்கவில்லை. கலியாணசுந்தரம் கங்காணி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: அமாவாசையில் காட்டுக்குப் பலி கொடுக்காமல் கோடரி வைத்ததால் காடு தானே மூன்று தலையை எடுத்துக்கொண்டதாம். காற்றுக்கும் முட்டாள்தனத்துக்கும் பழியில்லாமல் போயிற்று. பதினாறாம் நாள் முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீடு மரம் வெட்டுகிறவனுக்குக் கொடுத்த வீடு.

அப்படித்தான் கோகிலா மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்கட்டு அறையில் குடியேறினாள். மலாக்காச் செட்டிகள் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி வந்தவர்கள். சிவனைக் கும்பிடுவார்கள், வீட்டில் மலாய் பேசுவார்கள். வீட்டுக்காரி சீதாவும் புருஷனை இழந்தவர்தான். கெபாயாச் சட்டையில் பொன் ஊசி குத்திக்கொண்டு, கொண்டையில் பூ வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வருவார். மாக்சிக், அதாவது அத்தை, என்று கோகிலா அவரைக் கூப்பிடுவாள். காலையில் நாலரை மணிக்குத் தெருமுனையில் லாரி ஹார்ன் அடிக்கும். அதே தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிக்குப் போகும் டவுன் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். தெங்கேராக்காரர் ஷரீஃபுதீன்தான் டிரைவர்.

ஒருநாள் ஷரீஃபுதீன் கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, நான் இந்த ரோட்டுல வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப தோட்டத்து கேட்டுக்கிட்ட இறங்கினா காடு தெரியும். இப்ப கேட்டுக்குள்ள நாலு மைல் ஓட்டுறேன், இன்னும் காட்டக் காணல. இப்படியே போனா பஹாங்ல கொண்டுபோய்தான் உங்கள இறக்கிவிடணும்."

"இறக்கிவிடுங்கண்ணே. அங்கயாவது பந்து குடுப்பானுங்களான்னு பாக்குறேன்."

லாரி முழுக்கச் சிரித்தது. கோகிலாவும் சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மல்லிகா வந்து பேசியது ஆகஸ்டு மாதத்தில். மல்லிகா லயத்துப் பெண். மாவு ஊதும் எட்டுப் பேரில் ஒருத்தி. ஏழாம் நம்பரில் நாற்பது வரிசை அவளுடையது. புருஷன் மரம் வெட்டும் கும்பலில் இருந்தான். பதினோரு மணிக்கு மருந்து டின் காலியாகி, கோகிலா ஓடையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஓடைத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் ஓடியது. மேலே காடு நின்ற காலத்தில், அதில் கூழாங்கல் தெரியும் என்று மருதமுத்து சொல்லியிருக்கிறான்.

"அக்கா, ஒரு ஒத்தாச பண்ணுவீங்களா?" மல்லிகா வலது கையை நீட்டினாள். கட்டைவிரல் அடியில் செம்பனை முள் குத்தி, சீழ் பிடித்து, கை பூரிபோல வீங்கியிருந்தது. "பந்த அமுக்க முடியல. ரெண்டு நாளா இடது கையால ஊதுறேன், பூவு மேல படாம மட்டையில படுது. கங்காணிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவாரு. உங்களுக்குத்தான் பதினொண்ணுக்கே வேல முடிஞ்சிடுதே."

"நான் ஊதினா காய் பிடிக்காதுன்னு உங்க கங்காணி சொன்னாரே."

"அவரு கெடக்காரு. முள்ளுக்குப் பயந்து ரோட்ட விட்டு எறங்கமாட்டாரு. யாரு பாக்கப் போறா?"

"நீ நம்புறியா இல்லையா? அதச் சொல்லு."

மல்லிகா ஓடையைப் பார்த்தாள். "ஊதாம விட்டா கண்டிப்பாப் பிடிக்காதுக்கா. அது மட்டும் தெரியும்."

கோகிலா அதுவரை கேட்ட சாஸ்திரங்களிலேயே இதுதான் அவளுக்கு உருப்படியாகப் பட்டது. பந்தைக் கேட்டு வாங்கினாள். அவள் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா சூடு போட்டும் மாறாத கை. சாப்பிட மட்டும் வலது கைக்குப் பழகியிருந்தாள், மற்றதெல்லாம் இடதுதான். முதல் பூவின் முன்னால் முழங்காலிட்டு, கோலால் மட்டையை விலக்கி, பந்தை அமுக்கினாள். மஞ்சள் புகை பூவுக்குள் இறங்கியது. கை எரியவில்லை. பூ பட்டுப்போகவுமில்லை.

"குலை வரட்டுங்க்கா," என்றாள் மல்லிகா. "அடுத்த தடவ ஆளு எடுக்கும்போது நானே கங்காணிகிட்ட சொல்றேன். உங்க கைதான்னு."

மல்லிகாவின் புண் ஆறியது. ஆனால் கட்டைவிரல் விறைத்துப்போய் மடங்க மறுத்துவிட்டது. ஒரு வாரத்துக்கு என்று தொடங்கியது ஆறு மாதம் ஓடியது. காலையில் விஷம், பதினோரு மணிக்கு மேல் மாவு. ஒரு ஆள் கூலிக்கு இரண்டு ஆள் வேலை. மல்லிகா முன்னால் மட்டையை விலக்கிக்கொண்டு போவாள். கோகிலா ஊதி, அதற்கு மேலே உள்ள மட்டையில் நீலச் சாயத்தில் சாய்வாக ஒரு கோடு இழுப்பாள். ஊதி முடிந்த பூ என்பதற்கு அது அடையாளம். இருபத்து மூன்றாம் வரிசையில் ஒரு பெரிய அடிமரம் எரியாமல் கிடந்தது. உச்சியில் நின்ற மரமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோகிலா அதைச் சுற்றிக்கொண்டு போவாள். ஒருநாளும் அதன்மேல் உட்காரவில்லை.

அறுபத்து மூன்று பிப்ரவரியில் குலைகள் பழுத்தன. மற்ற வரிசைகளில் பாதிக் குலை பொக்கையும் முள்ளுமாக இருந்தது. மல்லிகாவின் நாற்பது வரிசையில் ஒவ்வொரு குலையும் அடைசலாக, இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கும்படி இருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தாலி உள்ள பெண்களை மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று கங்காணி காட்டுக்குள் விடுவதில்லை. அந்த மூன்று நாளில் விரிந்த பூக்களெல்லாம் ஊத ஆளில்லாமல் கறுத்துப்போகும். மருந்தடிக்கும் விதவைக்குத் தீட்டு பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விஷத்துக்குத் தீட்டு இல்லை. ஆகவே கோகிலா ஒருநாளும் நிற்காமல் ஊதினாள். மல்லிகாவைக் காட்டுக்குள் விடாத நாட்களில் தனியாகவே பந்தை எடுத்துக்கொண்டு போய் ஊதினாள்.

கங்காணிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "மல்லிகா கை ராசியான கை. லட்சுமி கடாட்சம்," என்றார். மல்லிகாவுக்கு மாலை போட்டு, குலை முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்.

அன்று மத்தியானம் கோகிலா அவளைப் பிடித்துக்கொண்டாள். "மால நல்லாருந்துச்சு. எப்ப சொல்லப்போற?"

"அக்கா, இப்ப எப்படிக்கா சொல்றது? என்னயும் சேத்துத் துரத்திடுவாரு. லயத்து வீடு போயிடும்."

"எனக்கு ஏற்கனவே போயிடுச்சு."

கோகிலா தன் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். கட்டிகள் இப்போது புறங்கையிலும் ஏறியிருந்தன.

சாயங்காலம் மாக்சிக் சீதா அந்தக் கையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தபடி நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார்: "நான் முப்பது வருஷமாக விதவை. என் கையால் வெட்டிய அச்சார் கல்யாணத்துக்குப் போகிறது. எந்தக் கல்யாணமும் கெட்டதில்லை. உன் மண்டோர், அந்தக் கங்காணி, பனை மரத்துக்குச் சம்பந்தி பேசுகிறானாக்கும். சீர்வரிசை என்ன வாங்கினான் என்று கேள்."

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பெரட்டில் கங்காணி அறிவித்தார்: பன்னிரண்டாம் நம்பரில் புதுக்காடு அழிக்கிறார்கள். ஒன்பதாம் நம்பரில் பூ வந்துவிட்டது. மாவு ஊத இன்னும் பத்துப் பேர் வேண்டும், மல்லிகா தலைவி, சுமங்கலிகள் முன்னால் வரலாம். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை பேரெழுதப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துச் சண்டை எதிலும் தலையிடாமல் இருபது வருஷம் ஓட்டிவிட்டவர்.

கோகிலா முன்னால் வந்தாள்.

"நீ எங்கடி வர?" என்றார் கங்காணி.

"பேரு குடுக்க வந்தேன். ஏழாம் நம்பர் நாற்பது வரிசயும் நான் ஊதினது."

கங்காணி மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா தரையைப் பார்த்தாள்.

"மல்லிகா, இவ என்ன ஒளர்றா?"

மல்லிகா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? புருஷன முழுங்கினது பத்தாதுன்னு அடுத்தவ பேரயும் முழுங்கப் பாக்குற."

கோகிலா கிராணியின் மேசைப் பக்கம் திரும்பினாள். "கிராணி ஐயா, நீங்க போய்ப் பாருங்க. ஊதின பூவுக்கு மேல நீலக் கோடு இருக்கும். வலது கையால இழுத்தா கோடு ஒரு பக்கம் சாயும். நான் இடது கை. எங்கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க."

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலையிடாத மனிதர்தான். ஆனால் சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் விடுவது அவரால் முடியாத காரியம். சைக்கிளில் ஏறிப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தார்.

"ஓம்," என்றார். "மற்றவையின்ர வரிசையில கோடு எல்லாம் வலப்பக்கம். மல்லிகான்ர வரிசையில அத்தனையும் இடப்பக்கம் சாய்ஞ்சு கிடக்கு. நான் நூறு மரம் எண்ணிப்போட்டு வாறன்."

"பீச்சாங்கையா?" என்றார் கங்காணி. அவர் முகம் வெளுத்தது. விதவை என்பதைக்கூடத் தாங்கியிருப்பார் போலிருக்கிறது. பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மல்லிகா பேசினாள். "ஆமாங்க கங்காணி. அக்காதான் ஊதினாங்க. எங்கை விளங்காமப் போச்சு." விறைத்த கட்டைவிரலை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

கங்காணி தீட்டு என்றார். பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும் என்றார். இவள் இனிமேல் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். பொன்னுதுரை தோட்டத்து மானேஜர் துரையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். துரை கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த வரிசைகளில் எத்தனை குலை? எண்ணிக்கையைக் கேட்டதும், யார் ஊதினால் என்ன, இன்னும் இருபது பேரைப் பிடித்துப் போடு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கோகிலாவின் வெற்றி அவ்வளவுதான். நியாயம் வென்றது என்று நினைக்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மூவாயிரம் ஏக்கர் காட்டை விழுங்கப் புறப்பட்டவர்களுக்குச் சுமங்கலிகள் போதவில்லை. சாஸ்திரம் அதனால்தான் தளர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலியாணசுந்தரம் காஜா பெராங்குக்கே வந்தார். விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, வீடு வீடாக விதவைகளைத் தேடினார். மாக்சிக் வீட்டு வாசலில் நின்று கோகிலாவிடம் சொன்னதை அவளே பிற்பாடு லாரியில் நடித்துக் காட்டினாள்:

"இதோ பாரும்மா, நான் பெரியவங்ககிட்ட கலந்து பேசினேன். செம்பனை ஆப்பிரிக்கா மரம். நம்ம சாஸ்திரம் அதுக்குத் தலைகீழா வேல செய்யும். தாலி இல்லாத கைதான் அதுக்கு ராசி. உனக்குத் தெரிஞ்ச பொண்ணுங்க இருந்தா கூட்டியா."

"பீச்சாங்கை?" என்று கேட்டாளாம் கோகிலா.

"அதுவும் விசேஷம்."

உள்ளேயிருந்து மாக்சிக் மலாயில் ஏதோ சொன்னார். கங்காணி அதைக் கேட்காதவர்போல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்படிக் கோகிலா கைக்குப் பந்து வந்தது. காலையிலேயே, எல்லார் முன்னாலும், பேரெழுதி வந்தது. அவளோடு சேர்ந்த டவுன் விதவைகள் ஆறு பேர். அதில் மூன்று பேரின் புருஷன்மார் காடு அழிக்கப் போய் மாண்டவர்கள். முதல் வாரம் அவளுக்குச் சோறு உப்புப் போட்டு ருசித்தது. விரலிடுக்கு மூடத் தொடங்கியது.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை ஒன்பதாம் நம்பர் ஓரத்தில் மருந்து டின்னோடு ஒருத்தி குனிந்து போவதைப் பார்த்தாள். நடையைப் பார்த்தே தெரிந்தது. மல்லிகா.

"நீ ஏன் இங்க?"

"பந்து அமுக்க முடியாதுல்ல. மருந்துக் குழாயப் பிடிக்க நாலு விரல் போதுமாம்," என்றாள் மல்லிகா. சிரிக்கப் பார்த்தாள். டின்னின் மூடியிலிருந்து ஒழுகியது அவள் ரவிக்கையின் முதுகை நனைத்து இடுப்புவரை இறங்கியிருந்தது. "எங்கியாவது ஒரு வேல வேணுமேக்கா. வீடு இருக்கே."

கோகிலா தன் வரிசைக்குப் போனாள். அன்று முப்பது பூ ஊதினாள். ஒவ்வொரு பூவிலும் அந்த முதுகுதான் தெரிந்தது. தன் முதுகிலிருந்து டின் இறங்கிவிட்டது என்று நினைத்திருந்தாளே, அது இறங்கவில்லை. இடம்தான் மாறியிருந்தது. அதை இறக்கும்வரை யாரோ ஒருத்தியின் முதுகு அதற்கு வேண்டும். சுமங்கலியா விதவையா என்பதெல்லாம் டின்னுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பெரட்டில் பந்தை வாங்கிக்கொண்டாள். வாங்கி, கிராணியின் மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"என்ன பிள்ளை இது?" என்றார் பொன்னுதுரை.

"மருந்தடிக்கிறவங்களுக்குக் கையுறை வேணும். ஒழுகாத டின்னு வேணும். கை கழுவ நல்ல தண்ணி வேணும், ஓடைத் தண்ணி இல்ல. வர்ற வரைக்கும் நான் ஊதல."

கங்காணி சிரித்தார். "நீ போனா இன்னொருத்தி. விதவைக்கா பஞ்சம்?"

லாரிப் பெண்கள் ஆறு பேரும் வந்து ஆறு பந்தையும் மேசையில் வைத்தார்கள். விதவைகளைத் தேடி வீடு வீடாக அலைந்த கங்காணியைப் போன வாரம் லாரியில் கோகிலா நடித்துக் காட்டியது அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. சற்றுப் பொறுத்து லயத்துப் பெண்களில் நாலு பேர் வைத்தார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள். பதினோரு பந்துகள் மேசையில் உருண்டன. பொன்னுதுரை கையால் அணைத்துப் பிடித்தார்.

"எத்தனை நாளைக்கு நிப்பீங்கடி?" என்றார் கங்காணி. "ஒரு மாசம் நிப்பீங்களா? அரிசிக்கு எங்க போவீங்க?"

"ஒரு மாசம் எதுக்கு? ஒன்பதாம் நம்பர்ல நேத்து விரிஞ்ச பூவு நாளைக்கு வரைக்கும் தாங்கும். இன்னிக்கு விரிஞ்சது நாளன்னிக்கு வரைக்கும். நாலாம் நாளு பூவு கறுத்துடும். நீங்களே போய் ஊதிக்குங்க. சுமங்கலிதானே உங்க வீட்டுல, கூட்டிக்கிட்டுப் போங்க."

அவள் தோட்டத்துக் கணக்குப் படித்தவள் அல்ல. பூவைப் படித்திருந்தாள். மரம் வெட்டும் கும்பலால் இப்படி நிறுத்த முடியாது. காடு எத்தனை நாளானாலும் வெட்டுவதற்கு அங்கேயே நிற்கும். பூ நிற்காது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஷரீஃபுதீன் வேலையை நிறுத்திய பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார். காஜா பெராங்கில் இறக்கிவிட்டு, கோகிலாவிடம் இரண்டு கட்டி வெல்லத்தை நீட்டினார். "நாளைக்கும் ஹார்ன் அடிப்பேன்," என்றார். இரண்டாம் நாள் பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்குத் தீ வைத்தார்கள். வெட்டிப்போட்டுக் காய்ந்த மரங்கள் மலைமலையாக எரிந்தன. காற்று திரும்பியதால் டவுன்வரைக்கும் புகை வந்தது. மாக்சிக் கொடியில் காய்ந்த துணிகளைச் சாம்பலோடு எடுத்து உதறினார். கோகிலா படுத்தபடி அந்த வாடையை மோந்துகொண்டிருந்தாள். மருதமுத்து செத்த வருஷமும் இதே வாடைதான். நான் நிறுத்தியது பூவைத்தான், நெருப்பை அல்ல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பெரட்டில் பொன்னுதுரை ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே ரப்பர் கையுறைகள். செம்பனைக்கு முன்பு ஐம்பது வருஷம் ரப்பர் பால் எடுத்த தோட்டத்தில் அதற்கு முன்பு ஒரு ரப்பர் கையுறை கண்ணில் பட்டதில்லை.

"அஞ்சு சோடிதான் கிடைச்சது," என்றார். "தண்ணிப் பீப்பாய் ஒண்டு லொறியில வருது. டின்னுக்கு எழுதிப் போட்டிருக்கிறன்." பிறகு மெதுவாக, மேசையைப் பார்த்தபடி, "மருந்தை நிப்பாட்டுறது என்ர கையில இல்லை, பிள்ளை," என்றார்.

மருந்தடிக்கிறவர்கள் ஏழு பேர். எல்லாரும் கோகிலாவைப் பார்த்தார்கள்.

"அஞ்சு சோடின்னா அஞ்சு டின்னு," என்றாள். "மீதி ரெண்டு டின்ன யாரும் தூக்க வேணாம். அந்த ரெண்டு பேரும் புல்லு வெட்டட்டும்."

கங்காணி கிராணியைப் பார்த்தார். கிராணி பென்சிலால் ஏழை அடித்து ஐந்து என்று எழுதினார். மல்லிகா கையுறையை மாட்டப் பார்த்தாள். விறைத்த கட்டைவிரல் உள்ளே போகவில்லை. கோகிலா அதன் பக்கவாட்டில் கத்தியால் சிறிது கீறி, விரலைத் திணித்து, கீறலை நூலால் சுற்றிக் கட்டிவிட்டாள். கீறல் வழியாக மருந்து கசியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"அடுத்த பெட்டி வந்தா பெரிய சைஸா பாத்து எடுத்துக்க," என்றாள்.

"வருமாக்கா?"

"வரலன்னா பூவு திரும்ப விரியுமில்ல."

பந்தை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குள் இறங்கினாள். புகை தரையோடு தவழ்ந்தது. பன்னிரண்டாம் நம்பர் பக்கமிருந்து இரண்டு இருவாச்சிப் பறவைகள் பலத்த சிறகடிப்போடு தலைக்குமேல் பறந்து போயின. அவை போன திசையில் பத்து மைலுக்குச் செம்பனைதான். கோகிலா அவை கண்ணிலிருந்து மறையும்வரை நின்றாள். பிறகு கோலை எடுத்தாள். உள்ளங்கையின் கட்டிகள் பந்தின்மேல் உறுத்தின. அவை பெரிதாகவில்லை, மறையவும் இல்லை.

முதல் வரிசையில் திங்கட்கிழமை விரிந்த பூக்கள் கறுத்துப்போயிருந்தன. அவற்றைத் தாண்டிப் போய், இன்னும் வெளுத்து நின்ற ஒன்றின் முன்னால் முழங்காலிட்டாள்.